தோப்புக்குள் பறக்கும் தட்டு

ஆடி மாதம் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே எங்காவது வெட்டவெளியில் நின்று ஒரு பிளாஸ்டிக் தட்டை வீசிப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஊரில் 175 கிராம் தட்டின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

அதே தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் கதை வேறு. தலைக்கு மேலே மட்டைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்கும். கீழே ஆள் உயரத்தில் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைக்கலாம். தட்டு, வீசியவர் நினைத்த திசையில் போகும். போய், நினைக்காத ஒரு மரத்தில் 'டொக்' என்று மோதி விழும்.

அந்த 'டொக்' சத்தத்தைச் சுற்றித்தான் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே பல காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஆட்டத்துக்கு நல்லது திறந்தவெளியா, மரக்கூட்டமா? கொங்கு நாட்டில் இருந்துகொண்டு யோசித்தால் இதற்கு விடை சொல்வது எளிது; இங்கே வெயிலும் காற்றும் சேர்ந்து மரங்களின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடும். எந்த மரங்களுக்குள் ஆடுவது என்ற அடுத்த கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. அதைக் கேட்காமல் கூடையை நட்டால் ஆட்டம் நிலைக்கும், மரம் நிலைக்காது.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கோல்ஃப்புக்குப் பந்து, மட்டை, குழி; இதற்குத் தட்டு, கை, கூடை. கம்பத்தின் மேல்முனையில் வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும், அதற்குக் கீழே இரும்புக் கூடை. தட்டு சங்கிலியில் பட்டு வேகம் இழந்து கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த வீச்சுகளில் 18 கூடைகளையும் முடிப்பவர் வென்றவர். ஒவ்வொரு கூடைக்கும் வீச்சு தொடங்கும் இடத்துக்கு 'டீ' என்று பெயர். கோவையில் இந்தப் பெயர் கொஞ்சம் குழப்பம் உண்டாக்கும். நாலு பேர் கூடி நின்று பேசும் இடம் என்ற வகையில் பொருத்தமான பெயர்தான்.

தமிழ்நாட்டுக்குத் தட்டு புதிதல்ல. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் 'அல்டிமேட்' என்கிற குழு ஆட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில், நடுவர் இல்லாமல் ஆடுகிறார்கள். ஆனால் அது மணலில் ஆடும் ஆட்டம், மரத்துக்கு அங்கே வேலையில்லை. கூடையைத் தேடிப் போகும் தட்டுதான் மரத்தைத் தேடிப் போகிறது.

டிஸ்க் கோல்ஃப் பிறந்ததும் அப்படித்தான். தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்கள் குறிவைத்தது மரங்களையும் கம்பங்களையும்தான். 'ஃபிரிஸ்பி' தட்டை நேராகப் பறக்கும்படி திருத்திக் காப்புரிமை வாங்கிய எட் ஹெட்ரிக் என்பவர், 1975-இல் கலிபோர்னியாவின் லா கன்யாடாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அதன் பெயரே ஓக் குரோவ், அதாவது ஓக் மரத் தோப்பு. விண்கலங்களை இயக்கும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு வகைப் பறக்கும் தட்டு. கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற தகராறு ஓயவில்லை என்பதால் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்து 1977-இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து நினைவுத் தட்டுகளாக வார்த்தார்கள். நம் ஊரில் சாம்பலை ஆற்றில் கரைப்போம். அவர் காற்றில் கரைந்தார்.

இன்று உலகம் முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. கோல்ஃப் என்றதும் நம் கண்முன் வருகிற மதில், உறுப்பினர் அட்டை, கறுப்புக் கண்ணாடி எதுவும் இதில் இல்லை. 18 குழி கோல்ஃப்புக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும், அதற்கு அன்றாடம் தண்ணீர் வேண்டும். செட்டிபாளையத்தில் இருக்கும் கோவையின் கோல்ஃப் மைதானத்தை ஊரில் பாதிப் பேர் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். டிஸ்க் கோல்ஃப்புக்குக் கூடைக்கு ஓர் ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. புல்லை வெட்டவோ நீர் பாய்ச்சவோ வேண்டியதில்லை. ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு, பெரிய நிலத்தைச் சிறிய கூட்டத்துக்கு விட்டுவைக்கும் விளையாட்டுகள் மேல் ஒரு கேள்வி விழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு இந்த ஆட்டம் தாராளமாகப் பதில் சொல்லும். ஆடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த இடம் வெறும் தோப்பு.

மரம் இந்த ஆட்டத்துக்கு என்ன செய்கிறது? வலுத்தவன் கையைக் கட்டுகிறது. பறக்கும் தட்டு வீச்சில் தூரச் சாதனை 338 மீட்டர். 2016-இல் டேவிட் விகின்ஸ் என்ற இளைஞர், நெவாடா பாலைவனத்தில், முதுகுப் பக்கம் காற்று தள்ள வீசியது. அங்கே ஒரு மரம் இருந்திருந்தால் சாதனை இல்லை. தோப்புக்குள் 338 மீட்டருக்கும் வேலை இல்லை, தோள் பலத்துக்கும் பெரிய மரியாதை இல்லை. அங்கே வேண்டியது சந்து பார்க்கும் கண்.

இதற்குச் சாட்சி வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்மக்ளர்ஸ் நாட்ச் மலைவிடுதி. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைதானங்கள்: ஒன்று பெரும்பாலும் மரங்களுக்குள், மற்றது பெரும்பாலும் வெளியில். 2023 உலகப் போட்டி இரண்டிலும் மாறி மாறி நடந்தது. ஆண்கள் பிரிவில் வென்ற ஐசக் ராபின்சன் தூரத்தைவிடத் துல்லியத்துக்குப் பேர்போனவர். அடுத்த ஆண்டு விர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கிலும் அவரே வென்றார். ஆறடி உயரத்துப் பையனும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே கூடைக்கு ஆடி, பெரியவர் ஜெயிக்கிற வாய்ப்பு வெட்டவெளியில் குறைவு, தோப்புக்குள் அதிகம்.

கொங்குத் தென்னந்தோப்பை வைத்துக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். இங்கே தென்னைக்கு வழக்கமான இடைவெளி 25 அடிக்கு 25 அடி. ஏக்கருக்குச் சுமார் 70 மரம். இரண்டு வரிசைக்கு நடுவே நின்று 60 மீட்டர் தள்ளி இருக்கும் கூடைக்கு வீசுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைத்திருப்பது ஏழரை மீட்டர் அகலச் சந்து. கை ஒரு பாகை பிசகினால் அறுபதாவது மீட்டரில் தட்டு ஒரு மீட்டர் விலகியிருக்கும். மூன்றரைப் பாகைக்கு மேல் பிசகினால் ஏதோ ஒரு தென்னை வழிமறிக்கும். மூன்றரைப் பாகை என்பது மணிக்கட்டு கொஞ்சம் சோம்பல் முறிக்கிற அளவு. சின்ன வயதில் புளியமரத்தில் குறிபார்த்துக் கல்லெறிந்து அடுத்த வீட்டு ஓட்டை உடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே இருக்கிறது.

மரம் நடும் இடைவெளிதான் மைதானத்தின் குணம் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. காகிதக் கூழுக்கு வளர்க்கும் சவுக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் ஒன்றரை மீட்டர். அதற்குள் தட்டை வீசுவது சீப்புக்குள் இட்லியை வீசுவது மாதிரி. தவிர, மூன்று நான்கு ஆண்டில் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள், மைதானமும் கூடவே போய்விடும். நெல்லித் தோப்பு ஆறு மீட்டர் இடைவெளியில் அளவாகத்தான் இருக்கும், ஆனால் கிளைகள் இடுப்பு உயரத்திலேயே தொடங்கிவிடும். பழைய முறையில் பத்து மீட்டர் விட்டு நட்ட மாந்தோப்பு அருமையான இடம், காய்க்கிற மாதங்கள் தவிர. காய்க்கும்போது யாரும் கூடையைப் பார்த்து வீச மாட்டார்கள்.

சரி, குறைகள். அவற்றை மறைத்து இந்த ஆட்டத்தைப் புகழ்கிறவர்கள் ஒருமுறைகூடப் புதரில் தட்டைத் தேடாதவர்கள்.

முதல் குறை அதிர்ஷ்டம். நன்றாக வீசிய தட்டு சுண்டுவிரல் பருமன் குச்சியில் பட்டுப் பின்னால் வரும். மோசமாக வீசியது மரத்தில் மோதிக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். வெட்டவெளியில் தவறுக்குத் தண்டனை தவறின் அளவுக்கு இருக்கும்; மரங்களுக்குள் சில சமயம் நீதிபதி தூங்கிவிடுவார். வடிவமைப்பாளர் பாதையை ஒழுங்காக வகுத்திருந்தால் இது குறையும். வகுக்காமல், இருக்கிற மரத்துக்கு நடுவே எங்காவது கூடையை நட்டுவிட்டுக் 'கடினமான மைதானம்' என்று பெருமை பேசுகிற இடங்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் அதே முடிவுதான் வரும் என்றால் அது கடினம் அல்ல, லாட்டரி.

இரண்டாவது, தட்டு தொலைவது. ஒரு தட்டு அமெரிக்காவிலேயே 10 முதல் 20 டாலர். இங்கே வந்து சேர்வதற்குள் அதன் விலை கல்லூரிப் பையனின் ஒரு வாரக் கைச்செலவைத் தின்றுவிடும். மரத்தின் மேல் சிக்குவது ஒரு வகைத் தொலைப்பு. தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தொங்கினால் ஒரு வீச்சு அபராதம் என்று முன்பு விதி இருந்தது. இப்போது போட்டி நடத்துகிறவர் விரும்பினால்தான் அது. அபராதம் போனாலும் தட்டு இறங்கி வரப்போவதில்லை.

இன்னொரு வகை, சருகுக்குள் நழுவுவது. இதை அமெரிக்க நூல்கள் எழுதுகிற தொனியில் இங்கே எழுத முடியாது. அங்கே புதருக்குள் கைவிட்டால் அரிக்கும் கொடிகள் இருக்கலாம். இங்கே சருகு நிறத்திலேயே கண்ணாடி விரியன் சுருண்டிருக்கும். தோப்பு வேலை செய்கிறவர்கள் தேங்காய் பொறுக்கும்போது முதலில் குச்சியால் சருகைத் தட்டி, பிறகுதான் குனிவார்கள். நகரத்திலிருந்து தட்டோடு வருகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவருக்கு முதல் பாடம் வீச்சு அல்ல, குச்சி. கிளையில் கடந்தைக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது இரண்டாம் பாடம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தட்டு கடந்தைக் கூட்டைத் தொட்டால் அன்றைய ஆட்டத்தில் மிச்சமிருப்பது ஓட்டம் மட்டுமே.

மூன்றாவது, ஆள் தெரியாதது. வளைவுக்கு அப்பால் யார் நடந்து வருகிறார்கள் என்பது வீசுகிறவருக்குத் தெரியாது. டொராண்டோவில் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவுக்கு மேற்கே, டான் பள்ளத்தாக்கில் ஈ. டி. சீட்டன் பூங்கா இருக்கிறது. மரங்களுக்கு நடுவே 18 கூடைகள், யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம். அதே பூங்காவில் பொதுமக்களுக்கான வில்வித்தைத் திடலும் உண்டு, நடைபாதையும் உண்டு. அம்புக்குத் தனி எல்லை கட்டியிருக்கிறார்கள். தட்டுக்கு எல்லை என்பது ஆடுகிறவரின் தொண்டைதான். 'ஃபோர்' என்று கத்த வேண்டும் என்பது மரபு. கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு வருகிற கூட்டத்தை நினைத்துக்கொண்டு, யாராவது அங்கே ஒரு கூடை நடலாம் என்று யோசனை சொன்னால், அந்த யோசனையை அங்கேயே புதைப்பது நல்லது.

இவையெல்லாம் மனிதர்களுக்கு வருகிற தொல்லை. மரத்துக்கு வருவது வேறு, அது மெதுவாக வரும்.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் பீஸ் பூங்கா என்று ஒன்று. ஊருக்கு நடுவே ஓடை, ஓடைக்கரையில் பழைய மரங்கள், மரங்களுக்கு நடுவே டிஸ்க் கோல்ஃப். இலவசம், நகரத்தின் மையம், நிழல். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? கூட்டம் வந்தது, புல் போனது, மண் இறுகியது, மழைக்கு அந்த மண் ஓடைக்கு நடந்தது. தட்டடி பட்டுப் பட்டு மரப்பட்டைகள் உரிந்தன. கடைசியில் 2011-இல் மைதானத்தை மூடிவிட்டு, ஆற்றங்கரையில் வேறொரு பூங்காவுக்கு ஆட்டத்தை அனுப்பினார்கள். அந்த மைதானம் தோற்று மூடப்படவில்லை. அளவுக்கு மீறி வென்றதால் மூடப்பட்டது.

இதன் சூட்சுமம் எளிது. மரத்தடியில் நிழல் அடர்த்தியாக இருந்தால் புல் வளராது. புல் இல்லாத மண் செருப்பை நேராகத் தாங்கும். ஆட்டக்காரர்கள் பரவலாக நடப்பதில்லை. எல்லாரும் 'டீ'யிலும் கூடையைச் சுற்றியும்தான் நின்று மிதிக்கிறார்கள். மரத்துக்கு உணவு தேடும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணின் ஓரடிக்குள்ளேயே பரவியிருப்பவை. மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. மரம் உடனே சாகாது. நாலைந்து வருடம் கழித்து உச்சிக்கிளை காயும், அப்போது யாரும் தட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள். கரிசல் மண்ணில் இது இன்னும் மோசம். ஐப்பசி மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோவையைச் சுற்றி வந்தால், 'இங்கே வேண்டாம்' என்று கோடு போட வேண்டிய இடங்கள்தான் முதலில் வருகின்றன.

மருதமலை, தடாகம், போளுவாம்பட்டி, ஆனைகட்டிப் பாதை. மலையடிவாரம் முழுக்க இப்படி ஒரு மைதானத்துக்கு ஆசைப்படும் விடுதிகள் இருக்கும். அழகான இடம், குளிர்ந்த காற்று, விருந்தினருக்குப் புதிய பொழுதுபோக்கு. ஆனால் அது யானை நடக்கிற வழி. காப்புக்காட்டுக்குள் கூடை நடுவதற்கு 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். பட்டா நிலத்தில் கட்டடம் எழுப்ப ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். கூடைக்குக் கட்டடம் தேவையில்லை என்பதால் அந்தச் சட்டத்தின் சந்துக்குள் தட்டு எளிதாகப் பறந்துவிடும். சட்டம் விட்டாலும் நாம் விடக் கூடாத இடம் அது. மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தேடிப் புதருக்குள் போகிறவருக்கும், அதே நேரத்தில் தண்ணீர் தேடி வருகிற யானைக்கும் நடுவே 'ஃபோர்' என்று கத்திப் பயனில்லை.

ஆர்.எஸ்.புரம் பக்கம் இருக்கும் வன வளாகம் அடுத்தது. 1902-இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம், வன உயர்பயிற்சியகம், வன மரபியல் நிறுவனம் எல்லாம் ஒரே பச்சைக்குள் இருக்கின்றன. ஊருக்கு நடுவே இவ்வளவு பழைய மரங்கள் ஒன்றாக நிற்கிற இடம் அரிது. ஆஸ்டின் கதை இங்கே நடக்க எல்லாப் பொருத்தமும் உண்டு: மையம், நிழல், கூட்டம். ஆராய்ச்சி மரத்தில் தட்டு அடிக்க அனுமதி கேட்பதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

நொய்யல் குளங்களின் கரைகளும் வேண்டாம். சிங்காநல்லூர், வெள்ளலூர் என்று கரையோரம் மரம் வளர்த்துப் பறவையும் பட்டாம்பூச்சியும் திரும்பி வரப் பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே கிழக்கே வீசினால் தண்ணீர், மேற்கே வீசினால் கூடு கட்டிய நாரை. காந்திபுரத்துச் செம்மொழிப் பூங்கா 45 ஏக்கர் இருக்கிறது, ஆனால் அது வகுத்து நட்ட தோட்டம். மரங்கள் இன்னும் கைக்குழந்தைகள். குழந்தையின் மேல் தட்டை வீச வேண்டாம்.

மனம் மயங்குகிற ஓர் இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே குடை விரித்த வெள்வேல மரம். உலகத்தின் பேர்போன மைதான வடிவமைப்பாளரைக் கூட்டி வந்து விட்டால் 'யார் இதை வடிவமைத்தது?' என்று கேட்பார். ஒவ்வொரு வீச்சிலும் ஒரு மரத்தை மட்டும் சுற்றிப் போக வேண்டியிருக்கும், தட்டு விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், காலுக்கடியில் புல். வடிவமைத்தது பல தலைமுறைக் குடியானவர்களும் காங்கேயம் மாடுகளும். மழை குறைந்த வருடத்திலும் அந்த மாட்டைக் காப்பாற்றுகிற தீவனம் அந்தப் புல்தான். மேய்ச்சல் சுற்று வைத்து, ஒரு வேலிக்குள் மேய்ந்த பிறகு அடுத்ததற்கு ஓட்டி, புல்லைத் தூங்கவைத்து எழுப்புகிற ஏற்பாடு அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாற்பது பேர் மிதிக்கிற புல் எழாது. ஆட்டத்துக்குக் கச்சிதமான நிலம் என்பது உண்மை. அதை விட்டுவைக்க வேண்டும் என்பதும் உண்மை.

மிச்சமிருப்பது மறுபடியும் அந்தத் தென்னந்தோப்பு. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு.

தோப்புக்காரரிடம் போய் இதைச் சொன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி கூடையைப் பற்றி இருக்காது. "தட்டு மரத்துல அடிக்குமுங்களா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி அது. வேம்பும் புளியும் பட்டை உரிந்தால் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். தென்னை அப்படியல்ல. புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரத்தின் உடம்பு அதற்கு. தண்டில் பட்ட காயம் கடைசிவரை காயம்தான். பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், முட்டை வைக்கும், உள்ளே புழு குடையும். வெளியே தெரியும்போது மரம் கைவிட்டுப் போயிருக்கும். இளமரங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே பத்து வயதுக் குட்டைத் தென்னைக்கு நடுவே கூடை வைப்பவர் தோப்புக்குப் பகையாளி. தண்டு முற்றி இறுகிய பழைய நெட்டை மரத் தோப்பு மட்டுமே இதற்குத் தோது. அதிலும் 'டீ'க்கு எதிரே முதல் முப்பதடிக்குள் நிற்கிற மரங்கள்தான் முழு வேகத்தில் அடி வாங்கும். அவற்றின் இடுப்பில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் அடி கயிற்றுக்குப் போகும்.

ஊடுபயிர் போட்ட தோப்பும் கூடாது. ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருப்பார்கள். கோகோ காய்ப்பது கிளை நுனியில் அல்ல, தண்டிலேயே. ஒரு தட்டு போனால் நாலு காய் உதிரும். ஜாதிக்காய் வைத்தவர் தோப்புக்குள் பக்கத்து வீட்டுக்காரரையே விட மாட்டார்.

வெறும் தென்னையாக நிற்கிற பழைய தோப்புகள்தான் இப்போது திண்டாட்டத்தில் இருக்கின்றன. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ மட்டையெல்லாம் கரி பூசிவிட்டுப் போனது. கேரளப் பக்கமிருந்து வந்த வேர் வாடல் நோய்க்கு மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டியிருக்கிறது. வாடல் வந்து நடுவில் சில மரங்கள் போன தோப்பில், அந்த வெற்றிடமே ஆட்டத்துக்கு வளைவு தருகிறது. வரிசை பிசகாத தோப்பில் எல்லாக் கூடையும் ஒரே நேர்கோட்டு வீச்சாகி அலுத்துப்போகும். குறுக்குக் கோணத்தில் 'டீ' வைத்தும், இந்த வெற்றிடங்களைப் பயன்படுத்தியும்தான் அதைச் சரிக்கட்ட முடியும். ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று தோப்புக்காரர் வாங்கினால், காய் விலை சரிகிற மாதங்களில் சொட்டு நீருக்கான மின்மோட்டார் பழுது பார்க்கவாவது ஆகும். சேத்துமடை, ஆனைமலை வழியில் தோப்பு வீடுகளில் தங்க ஏற்கெனவே ஆள் வருகிறது. அவர்களுக்கு மாலையில் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

மண் இறுகுவதற்கும் மருந்து அந்த ஊரிலேயே மலையாகக் கிடக்கிறது. வெளிநாடுகளில் கூடையைச் சுற்றி மரத்தூள் கொட்டுகிறார்கள். பொள்ளாச்சியில் கயிறு ஆலைகளைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு குவிந்திருக்கிறது. அரை அடிக்குக் கொட்டினால் செருப்பின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். கூடையையும் ஒரே இடத்தில் ஆணியடிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய்களைப் பூமியில் புதைத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பத்தைப் பிடுங்கி அடுத்ததில் செருகுவது பல நாட்டு வழக்கம். கொறங்காட்டில் மாட்டுக்குச் செய்வதை இங்கே மனிதர்களுக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். பாத்தியில் தண்ணீர் நிற்கிற நாளில் ஆட்டம் கிடையாது என்பதைத் தோப்புக்காரர் சொல்ல வேண்டும், ஆட்டக்காரர் கேட்க வேண்டும்.

தேங்காய் தலையில் விழுமே என்ற கேள்விக்கு நேரான பதில்: விழும். முற்றிய குலை இருக்கும் வரிசையை அந்த வாரம் மூடித்தான் வைக்க வேண்டும். காய்ந்த மட்டை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். ஆடிக் காற்றுக்கு ஒதுங்கத்தான் தோப்புக்கு வருகிறோம், அதே காற்றுதான் மேலே மட்டையையும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. பலத்த காற்று நாளில் வீட்டில் இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எப்படியும் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை தோப்பில் ஆட்டம் நிற்கும். அன்று வெட்டு. மரமேறுகிறவர் கொண்டையைச் சுத்தம் செய்து குலையை இறக்கும்போது, மட்டைக்கும் பாளைக்கும் நடுவே ஆரஞ்சும் நீலமுமாகச் சிக்கியிருக்கும் தட்டுகளையும் உருவிக் கீழே போடுவார். கீழே காய் பொறுக்குகிற பெண், குச்சியால் சருகைத் தட்டிப் பார்த்துவிட்டு, காயைத் தனியாகவும் தட்டைத் தனியாகவும் குவிப்பார்.